பழைய ஃபியட்டுக்குள் டர்போ இன்ஜின்: ஓசூர் லேத்தால் முடிவதும் முடியாததும்

பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை என்று நாலா திசைக்கும் சாலை பிரிகிற ஊர் கிருஷ்ணகிரி. இங்கே காருக்கும் பஞ்சமில்லை, கார் பைத்தியத்துக்கும் பஞ்சமில்லை. மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கொட்டகையில் அப்பா காலத்து பிரீமியர் பத்மினி ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். தர்மபுரியில் பழைய டாக்டர் வீடு எதிலாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கும். முதல் தலைமுறை மாருதி 800-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் காவேரிப்பட்டணத்திலும் உண்டு, பாலக்கோட்டிலும் உண்டு. இந்தக் கார்களைப் பார்க்கிற இளைஞர்களுக்கு அண்மைக் காலமாக வருகிற ஆசை ஒன்று: உடம்பு அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கும் கிழட்டு இன்ஜினை இறக்கிவிட்டுப் புதிய டர்போ இன்ஜினை ஏற்றிவிடலாம்.

ஆசை நியாயமானதுதான். ஆனால், இதில் எது சுலபம், எது கடினம் என்பதில் பலர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். இரும்பு வேலைதான் பெரிய தலைவலி, அது முடிந்துவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஓசூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரும்பு வேலைக்குப் பயப்படுவது வேடிக்கை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்த காலத்திலிருந்து, அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தே வளர்ந்த பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கஷ்டம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: வயரிங்கில், பிரேக்கில், ஆர்.சி. புத்தகத்தில்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். பத்மினியின் இன்ஜின் 1089 சி.சி., நான்கு சிலிண்டர், கார்புரேட்டர். சுமார் 40 குதிரைத் திறன். இழுவிசை, அதாவது டார்க், ஏறக்குறைய 70 நியூட்டன் மீட்டர். இத்தாலியில் 1953-இல் பிறந்த ஃபியட் 1100/103 வம்சத்தைச் சேர்ந்தது இது. பம்பாய் குர்லாவில் 1964 முதல் 'டிலைட்' என்று தயாராகி, 1970-களில் பத்மினி என்று பெயர் மாறி, அந்த நூற்றாண்டு முடியும் வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. காரின் எடை 900 கிலோவை ஒட்டி வரும்.

இப்போது 2019-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஒரு லிட்டர் டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். 998 சி.சி., மூன்றே சிலிண்டர். ஆனால் 120 குதிரைத் திறன், 172 நியூட்டன் மீட்டர். மாருதி 2017-இல் பலேனோ ஆர்.எஸ். காரில் வைத்த பூஸ்டர்ஜெட் இன்ஜினுக்கு 102 குதிரைத் திறன், 150 நியூட்டன் மீட்டர். டாடா நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோலின் இழுவிசை 170. பழைய இன்ஜினைவிடக் கொள்ளளவு குறைவான ஒன்று மூன்று மடங்கு திறனைத் தருகிறது. பத்மினியில் டன்னுக்கு 44 குதிரைத் திறன் என்றால், வென்யூ இன்ஜினை ஏற்றிய பத்மினியில் அது 133 ஆகிவிடும். இன்ஜினைத் தந்த வென்யூவோ 1,100 கிலோவை ஒட்டிய எடையோடு 110-ஐத் தாண்டாது. தந்தவனைவிட வாங்கியவன் வேகமாக ஓடுவான். கேட்க இனிமையாக இருக்கிறது. பின்னால் வரும் வினை எல்லாவற்றுக்கும் விதையும் இதுதான்.

டர்போ என்பது புதிய சங்கதி அல்ல. சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுவது, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிப்பது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கப்பலிலும் லாரியிலும் ரயில் இன்ஜினிலும் அது நன்றாகவே உழைத்தது. பெட்ரோல் காரில் வைத்தபோதுதான் சிக்கல். திணித்த காற்று சூடாகும். சூடான கலவை, ஸ்பார்க் பிளக் நெருப்பின் அலை வந்து சேரும் முன்னரே தானாக வெடிக்கும். இன்ஜினுக்குள் ஆணி கொட்டுவது போன்ற அந்தச் சத்தத்தை நம் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். அது நீடித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவோடு வந்தபோது, இதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் 1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. அதில் மிதித்துக் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று முதுகில் உதைத்தது போலப் பாயும்.

இன்றைய இன்ஜின் இந்தக் குறைகளைக் கணினியால் வென்றிருக்கிறது. நாக்கிங் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. அமுக்கிய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர். பெட்ரோலை 200 பார் அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறை. டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வைத் திறந்து மூடுவதும் மின்னணுதான். அதனால்தான் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடுகிறது. 'பழைய ஃபியட் இன்ஜினுக்கே ஒரு டர்போவைப் பொருத்தினால் என்ன' என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: டர்போவை வாங்கிவிடலாம், அதைச் சுற்றியுள்ள அறிவை அந்தப் பழைய இன்ஜினுக்கு ஊட்ட முடியாது.

டர்போவுக்கு இன்னொரு நன்மை, நம் ஊருக்கே உரியது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் எட்டு சதவீதம் குறைவு. கார்புரேட்டர் இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ சக்கரம் சற்று வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டிவிடும். சூளகிரி ஏற்றத்தில் இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் இன்ஜினை வைப்பது நம் நாட்டில் தொழிற்சாலைகளே செய்த வேலைதான். பிரீமியர் கம்பெனி 1985-இல் கொண்டுவந்த 118 என்.இ., ஃபியட் 124-இன் உடலில் நிசானின் 1171 சி.சி. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்த கார். அம்பாசடருக்கு 1990-களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்து, அந்த வண்டிக்கு இரண்டாம் இளமை பிறந்தது. எதிர்த்திசையில் போய்க் கெட்ட கதையும் உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதே 1985-இல் ரோவரின் நவீன உடலை வாங்கி, அதற்குள் வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. சில ஆண்டுகளுக்கு மேல் தாங்கவில்லை. 118 என்.இ.யும் அம்பாசடரும் தேறியதற்குக் காரணம், புதிய இன்ஜினோடு அதற்கேற்ற கியர்பாக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த இன்ஜின்கள் காரின் மற்ற உறுப்புகள் தாங்கும் அளவை விட்டு வெகுதூரம் போகவும் இல்லை.

இப்போது பட்டறைக்குள் போகலாம். இன்று விற்கும் சிறு டர்போ இன்ஜின்கள் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்காகச் செய்தவை. பானட்டுக்குள் குறுக்காகப் படுத்திருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்மினியிலும் ஹெரால்டிலும் இன்ஜின் நெடுக்காக நிற்கிறது. பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து நீளமான ஷாஃப்ட், கடைசியில் பின் அச்சில், சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் கிரவுன் பல்சக்கரம். ஆகவே, புதிய இன்ஜினைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து, அதற்கு நெடுக்காகப் பொருந்தும் வேறொரு கியர்பாக்ஸைத் தேட வேண்டும்.

நீளம் பிரச்சினை இல்லை. மூன்று சிலிண்டர் இன்ஜின் பழைய நான்கு சிலிண்டரைவிடக் குட்டைதான். எடையும் பயப்படும்படி இருக்காது. பழையது வார்ப்பிரும்பு, புதியவற்றில் பெரும்பாலானவை அலுமினியம். இடிப்பது அகலமும் உயரமும். திருப்பி வைத்ததும் டர்போவும் அதன் சூடான குழாயும் ஒரு பக்கம் வந்துவிடும். அது வலப்பக்கமாக அமைந்தால் ஸ்டியரிங் பெட்டியில் முட்டும். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாய் இப்போது டாஷ்போர்டுச் சுவரில் இடிக்கும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பின் பள்ளம், முன்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் மேல் உட்காரும். சம்பை வெட்டிப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். ஹெரால்டு இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல பிள்ளை. தனிச் சட்டம் உள்ள கார், பானட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும், நின்றபடி வேலை பார்க்கலாம். பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். முப்பது நாற்பது வருடத் துருவோடு இருக்கும் தகட்டில் இன்ஜினைத் தாங்கும் புதிய மவுண்டை வெல்டு செய்வதற்கு முன் டிங்கரிங் செலவு தனியாக நிற்கும்.

அடாப்டர் பிளேட் என்ற ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இன்ஜினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகளும் கியர்பாக்ஸ் கூண்டின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்று வரும். ஒரு பக்கத் துளைகள் இன்ஜினுக்கு, மறு பக்கத் துளைகள் கியர்பாக்ஸுக்கு. கோடு போட்டுத் துளை போடுவது பெரிய காரியம் இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் மையமும் கியர்பாக்ஸ் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அதுதான் காரியம். ஓசூரில் வேலை தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், கிராங்க் முனையில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றைக் காந்தக் காலோடு நிறுத்துவார். அதன் ஊசி முனை கியர்பாக்ஸ் கூண்டு உட்காரும் வட்டத் துளையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கிராங்கைக் கையால் மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றுவார். முள் அசையும். மொத்த அசைவில் பாதிதான் மைய விலகல். முள் கால் மில்லிமீட்டர் அசைந்தால் விலகல் 0.125 மில்லிமீட்டர், அதற்கு மேல் போனால் பிளேட்டைக் கழற்றி, டவல் பின்னின் (பிளேட்டை நகராமல் நிறுத்தும் முளை) இடத்தைத் திருத்தி, மறுபடி பூட்டி, மறுபடி சுற்றுவார். பொறுமை இல்லாதவர் போல்ட்டை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கார் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடும். பிறகு கிளட்ச் அதிரும், கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும், ஒரு நாள் கியர் தானாக நழுவும். மெக்கானிக் கியர்பாக்ஸைக் குறை சொல்வார்; கியர்பாக்ஸ் என்ன செய்யும்?

இதே இடத்தில் இன்னும் சில பொடி வேலைகள் உண்டு. நெடுக்காக நிற்கும் கியர்பாக்ஸின் தண்டு முனை கிராங்கின் நடுவே ஒரு சிறு பேரிங்கில் உட்காரும். குறுக்கு இன்ஜின்கள் பலவற்றில் அதற்கான குழியே இருக்காது. ஒரு புஷ் கடைந்து வைக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் பழைய கூட்டில் மாட்டியிருந்தது, இப்போது அதற்குப் புது இடம் தேட வேண்டும். சில இன்ஜின்களில் கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் பல்சக்கரம் ஃப்ளைவீல் பக்கமே இருக்கும். வசதிக்காக வேறு ஃப்ளைவீலைப் போட்டுவிட்டால் கணினிக்குக் கண் தெரியாது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. இவை எல்லாமே அளந்து, கடைந்து, பொருத்தித் தீர்க்கக்கூடியவை. ஆகவே கவலை இல்லை என்கிறேன்.

கியர்பாக்ஸ் தேடுவதற்கு நம் நாட்டில் மாருதி குடும்பம் கைகொடுக்கும். ஈக்கோ, ஜிப்ஸி, ஜிம்னி மூன்றிலும் இன்ஜின் நெடுக்காக நிற்கிறது, ஐந்து கியர் உண்டு, உதிரி பாகம் கிடைக்கும். பத்மினியின் சொந்த கியர்பாக்ஸை வைத்தே ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல்லை உடைப்பது குதிரைத் திறன் அல்ல, இழுவிசை. 70-க்காகச் செய்த பல்சக்கரத்துக்கு 172 என்பது இரண்டரை மடங்கு. அதுவும் 1,500 சுற்றிலேயே, ஓட்டுநர் இன்னும் கிளட்சை முழுதாக விடாத நேரத்திலேயே வந்து விழுகிறது. கியர்பாக்ஸ் தாங்கினால் கிரவுன் பினியன் போகும். அதையும் பலப்படுத்தினால் பின் அச்சு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் பட்டை வளையும், டயர் தரையில் தடதடவென்று குதிக்கும். மாருதி 800-இல் இதே கதை முன் ஆக்சில் தண்டுகளில் நடக்கும். அங்கே இன்ஜின் குறுக்காகவே இருப்பதால் வைப்பது எளிது. காரின் எடையோ 650 கிலோவை ஒட்டித்தான். அதனால்தான் ஆபத்தும் அதிகம்.

வயரிங்குக்கு வருவோம். இங்கேதான் பாதி முயற்சிகள் கொட்டகையிலேயே நின்றுவிடுகின்றன. பத்மினியில் இருக்கும் மொத்த ஒயரையும் ஒரு எலக்ட்ரீஷியன் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். புதிய இன்ஜினின் கணினி தனி ஆள் இல்லை. சாவியில் உள்ள சில்லு, கதவுப் பூட்டைக் கவனிக்கும் பெட்டி, ஏ.பி.எஸ்., மீட்டர் போர்டு என்று எல்லாவற்றோடும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் சந்தேகப்பட்டு, இன்ஜினை ஓட விடாது அல்லது பாதிச் சக்தியோடு நிறுத்திக்கொள்ளும். ஆக்சிலரேட்டரில் கம்பி கிடையாது. பெடலே ஒரு சென்சார். பெட்ரோல் தொட்டிக்குள் பம்ப் இருக்க வேண்டும். பத்மினியின் தொட்டியைப் பிளந்து இடம் செய்ய வேண்டும். அதற்கு மேல், நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின் என்றால் உயர் அழுத்தப் பம்பைத் தனிக் கணினி கொண்டு ஆள்வது எல்லோராலும் முடிகிற வேலை அல்ல.

இதற்கு இரண்டு வழிதான். காயலான் கடையில் இன்ஜினை மட்டும் எடைக்கு வாங்காமல், விபத்தில் சிக்கிய கார் முழுவதையும் ஆவணத்தோடு வாங்குவது ஒன்று. சாவி, கணினி, பெடல், மீட்டர், தொட்டிப் பம்ப், ஒயர் கட்டு எல்லாம் அப்படியே வரும். பில் இருப்பதால் நாளைக்கு இன்ஜின் எண்ணைப் பார்த்துக் காவல் நிலையத்தில் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும். மற்றது, தனிக் கணினி போட்டு, இன்ஜின் திறனை அளக்கும் டைனோ இயந்திரம் வைத்திருக்கும் டியூனரிடம் கொண்டுபோய்ப் புதிதாகப் பாடம் எழுத வைப்பது. அப்படியானால் நெக்ஸானின் 1.2 போல, பெட்ரோலை வால்வுக்கு முன்னால் பீய்ச்சும் எளிய டர்போதான் தோது. காகிதத்தில் கவர்ச்சி குறைவு, ஆனால் ஓடும்.

சூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், சித்திரையில் தர்மபுரியில் நிற்பவர்களுக்கு அது தெரியும். டர்போ வழியாகப் போகும் பெட்ரோல் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். இன்டர்கூலரும் ரேடியேட்டரும் அடுத்தடுத்து நிற்க, பத்மினியின் முன்வாய் போதாது. இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூளகிரி ஏற்றத்தை மிதித்து ஏறிவிட்டு டீக்கடையில் நிறுத்திச் சாவியைத் திருப்பினால், டர்போ தண்டின் பேரிங்கில் தங்கிய ஆயில் வெந்து கரியாகும். புதிய கார்கள் பலவற்றில் இன்ஜின் நின்ற பிறகும் தண்ணீரைச் சுற்றிவிடும் சிறு மின்பம்ப் இருக்கிறது. இன்ஜினைக் கழற்றி வருபவர் அதையும் கழற்றி வந்தாரா என்று பாருங்கள்.

இனி தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில், கணவாய் இறக்கமும் இரட்டைப் பாலமும் வாங்கிய உயிர்களை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காத லாரி முன்னே நிற்கும் வண்டிகளை வாரிக்கொண்டு போன செய்தி நாளிதழில் ஓய்ந்ததே இல்லை. அங்கே லாரிக்கு நேர்வது என்ன? தொடர்ந்து மிதித்த பிரேக் டிரம் சூடேறி விரிகிறது, ஷூவின் லைனிங் உராய்வை இழக்கிறது, மிதி கீழே போகிறது, வண்டி நிற்பதில்லை. பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வாக்குவம் பூஸ்டரும் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்தச் செலவாகும் ஆற்றலைவிட 120-இல் போகும் அதே காரை நிறுத்த 2.25 மடங்கு ஆற்றல் வேண்டும். அத்தனையும் அந்த டிரம்மில் சூடாக இறங்க வேண்டும்.

கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டலாமே என்பார்கள். ஏறும்போது டர்போ 1.7 லிட்டர் இன்ஜின் போல இழுக்கும். காலை எடுத்துவிட்டு இறங்கும்போது டர்போவுக்கு வேலையே இல்லை, அது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின். பழைய 1089 சி.சி. கொடுத்த தடையைக்கூட அது கொடுக்காது. ஐந்தாம் கியர் வேறு சேர்ந்துகொண்டால் இன்னும் வழுக்கும். அதாவது புதுக் காரைப் போல ஏறி, பழைய காரைவிட மோசமாக இறங்கும் வண்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறோம்.

என் அபிப்பிராயத்தில் இன்ஜினைத் தேடுவதற்கு முன் முன்சக்கரத்துக்கு டிஸ்க், ஒரு சுற்று கெட்டாலும் மற்றது பிடிக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், அகலமான டயர் இவற்றை முடித்துவிட்டு, பழைய இன்ஜினோடேயே கொஞ்ச காலம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டியின் ஆட்டத்தையும் அப்போதே சரி செய்துவிடலாம். இந்த வரிசையைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. பிரேக்கைப் படம் எடுத்து யாருக்கும் காட்ட முடியாதே!

கடைசியாக ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது: உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு வந்தது; அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே வகை இன்ஜின் பழுதானால் அதே வகை வேறு இன்ஜினை வைத்து எண்ணை மாற்றிக்கொள்வது வேறு சங்கதி. 1089 சி.சி. இடத்தில் வேறு கம்பெனியின் 998 சி.சி. டர்போவைக் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் என எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனாலும் ஆர்.சி.யில் பதிய வழியில்லை. பதினைந்து வருடம் தாண்டிய கார் என்பதால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க ஆய்வாளர் முன் பானட்டைத் திறந்தே ஆக வேண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இன்ஜின் எண்ணைத்தான்.

பழமைக்குக் கிடைக்கும் சலுகையும் போய்விடும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனி வரிசை எண்ணில் பதியலாம். உடல், சட்டம், இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 1960-களின் டிலைட்டும் ஹெரால்டும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. இன்ஜினை மாற்றியவர் அந்தக் கதவைத் தானே சாத்திக்கொள்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே 52-ஆம் பிரிவு, எரிபொருளை மாற்றுவதற்கு இடம் தருகிறது. அங்கீகரித்த கிட் கொண்டு எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாறலாம்; மின்கலத்துக்கு ஏ.ஐ.எஸ். 123 என்று தனித் தரமே உண்டு. ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளியிலும் ஏத்தரின் ஆலை ஓசூரிலும் இருக்கும் மாவட்டத்தில், பழைய பத்மினியை மின்சாரக் காராக்க அங்கீகாரத்தோடு ஒரு வழி உண்டு, பெட்ரோல் டர்போவாக்க ஒரு வழியும் இல்லை. புகையைக் குறைப்பதுதான் சட்டத்தின் நோக்கம் என்றால், 1960-களின் கார்புரேட்டரைவிட இன்றைய டர்போ எவ்வளவோ சுத்தம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் சோதித்துப் பதிந்து தர முறை இருக்கிறது. இங்கே அப்படி ஒரு முறை வைக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. வைக்காத வரை சட்டம் சட்டம்தான்.

சாலையே வேண்டாம், பந்தயத் தடம் போதும் என்பவர்களுக்குக் கதை வேறு. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இதே ஃபியட்டும் ஹெரால்டும் சுரண்டிச் செதுக்கிய இன்ஜின்களோடு அங்கே சீறியிருக்கின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ கோவையின் கரி தடத்துக்கோ டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு ஆர்.சி. தேவையில்லை. ஆனால் உள்ளே கூண்டு, தீயணைப்பான், ஐந்து முனை பெல்ட் என்று அங்கேயும் ஒரு பட்டியல் காத்திருக்கும்; தடத்துக்காரர்கள் ஆர்.டி.ஓ.வைவிடக் கறார்.

சாலையில் ஓட்டத்தான் கார் என்றால், 1089 சி.சி. இன்ஜினையே முறையாகப் பிரித்து, போர் செய்து, பிஸ்டன் மாற்றி, தலையைச் சமன் செய்து, இக்னிஷனைப் பாயிண்ட் இல்லாத மின்னணுவுக்கு மாற்றினாலே பாதிக் குறை தீரும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் டர்போதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் உண்டு, அவர்களைத் தடுக்க நான் யார். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: முன் கிராஸ் மெம்பரையும் டாஷ்போர்டுச் சுவரையும் வெட்டாமல், போல்ட்டில் கழற்றி மாட்டும்படி மவுண்டுகளைச் செய்யச் சொல்லுங்கள். இறக்கிய ஃபியட் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றி, கிராங்கைச் சில சுற்று சுற்றி, சாக்கில் கட்டிக் கொட்டகையில் மேடான இடமாகப் பார்த்து வையுங்கள். எண் பொறித்த அந்த பிளாக்கை மட்டும் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.